பணி மாறுவோருக்குக் கூகுளின் யூஎக்ஸ் சான்றிதழ் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? ஒரு மதிப்புரை

வேறொரு தொழிலில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு யூஎக்ஸ் (பயனர் அனுபவ) வடிவமைப்புக்கு வர நினைப்பவர்களில் பலர் முதலில் போய்ச் சேரும் இடம், கோர்செரா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் கூகுள் வழங்கும் யூஎக்ஸ் டிசைன் சான்றிதழ்ப் படிப்பு. 2021 மார்ச்சில் தொடங்கிய இப்படிப்புக்குப் பட்டமோ முன் அனுபவமோ தேவையில்லை என்றும், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறைவாக ஒதுக்கினாலே ஆறு மாதங்களுக்குள் முடித்துவிடலாம் என்றும் அறிவித்திருந்தார்கள். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஓ.பி. பதிவுக் கவுன்டரில் வேலை பார்த்துக்கொண்டே நான் இதைப் படித்து முடித்தேன். பிறகு பல இன்டர்ன்ஷிப்களுக்கு விண்ணப்பித்து, இப்போது சென்னையில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் பயிற்சி வடிவமைப்பாளராக இருக்கிறேன். எனவே இந்த மதிப்புரை ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகிறது: ஏற்கெனவே ஒரு வேலையில் இருந்தவர் யூஎக்ஸ் இன்டர்ன்ஷிப் பெறுவதற்கு இப்படிப்பு எந்த அளவுக்கு உதவுகிறது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடிவமைப்பின் வேலைமுறையை இப்படிப்பு மிக நன்றாகக் கற்றுத்தருகிறது. ஆனால் பணி மாறுபவரிடம் ஏற்கெனவே இருக்கும் தொழிலறிவுதான் அவருடைய விண்ணப்பத்தின் பலம் என்பதையும், அந்த அறிவை இந்த வேலைமுறைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதையும் அது போதிய அளவு சொல்லித்தருவதில்லை. அந்தப் பகுதியை நாமே செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்துகொண்டால் செலவழித்த பணமும் நேரமும் வீண்போகாது.

படிப்பு வெளிவந்தபோது அதில் ஏழு பாடங்கள் இருந்தன. அடிப்படை அறிமுகம்; பயனரைப் புரிந்துகொண்டு பிரச்சினையை வரையறுத்தல்; வயர்ஃப்ரேம்களும் (திரையின் கோட்டு வரைவுகள்) எளிய புரோட்டோடைப்பும் (சோதித்துப் பார்க்கும் மாதிரி); ஆய்வும் தொடக்கநிலைச் சோதனையும்; ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் முழுமையான வடிவமைப்பு; இணையதள வடிவமைப்பு; சமூகப் பயனுள்ள ஒரு திட்டத்தோடு வேலைதேடலுக்கான தயாரிப்பு என்பதே அவற்றின் வரிசை. இடையில் ஒரு மொபைல் செயலி, ஓர் இணையதளம், பல திரைகளிலும் இயங்கும் ஒரு திட்டம் என மூன்று போர்ட்ஃபோலியோ (விண்ணப்பத்தோடு காட்டும் வேலைத்தொகுப்பு) வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும். காணொளிகள் சுருக்கமானவை. பேசுபவர்கள் கூகுளில் பணியாற்றும் வடிவமைப்பாளர்களும் ஆய்வாளர்களும். அவர்களில் வேறு துறையிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஆங்கிலம் எளிமையானது என்பதால், தமிழ்வழியில் படித்தவர்களும் எழுத்துவடிவத் துணையுடன் தொடர்ந்து சென்றுவிடலாம்.

இப்படிப்பின் மிகச் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால் தயங்காமல் நான்காம் பாடத்தைச் சொல்வேன். பயனரிடம் எப்படிப் பேசுவது, என்ன கேட்கக் கூடாது, அவர் சொன்னதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதை அவ்வளவு பொறுமையாக அங்கே விளக்கியிருக்கிறார்கள். "இந்தத் திரை எளிதாக இருக்கிறதா?" என்று கேட்டால் நம் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே எதிரிலிருப்பவர் ஆம் என்பார். "கடைசியாக மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியபோது என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் யாரிடம் போன் கேட்டு வாங்கினார், எங்கே தடுமாறினார், எந்த இடத்தில் சலித்துப்போய் நேரிலேயே கிளம்பிவிட்டார் என்று வரிசையாகச் சொல்வார். சோதனைக்கு உட்படுபவரின் சம்மதத்தை எழுத்தில் பெறுவது, சோதிக்கப்படுவது அவரல்ல, நம் வடிவமைப்புதான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது, அவர் திணறும்போது உடனே உதவிக்குப் பாயாமல் காத்திருப்பது ஆகிய ஒழுங்குகள் அனைத்தும் இங்கே படிந்துவிடுகின்றன. கவுன்டரில் நிற்பவர்களுக்கு இந்தக் கடைசிப் பழக்கம் கடினம். நம் வேலையே உடனே உதவுவதுதான்.

அளவிடும் முறைகளையும் இதே இடத்தில் கற்பிக்கிறார்கள். ஒரு வேலையைச் செய்து முடிக்க ஆகும் நேரம், பிழைகளின் எண்ணிக்கை, பாதியில் கைவிடுபவர்களின் விகிதம் ஆகியவற்றோடு, ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல் என்ற, பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை (யூசபிலிட்டி) அளக்கும் வினாத்தாளும் அறிமுகமாகிறது. பத்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிநிலைகளில் பதில், இறுதியில் நூற்றுக்கு ஒரு மதிப்பெண். 68 என்பது சராசரி எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இன்டர்ன்ஷிப் நேர்முகத்தில் "உங்கள் வடிவமைப்பு மேம்பட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்ற கேள்வி வரும்போது, பயனர்களுக்குப் பிடித்திருந்தது என்று சொல்வதற்கும், முதல் வடிவத்துக்கும் இரண்டாம் வடிவத்துக்கும் பிழைகள் எப்படிக் குறைந்தன என்று காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அந்தப் பேச்சுமொழியை இப்படிப்பு தந்துவிடுகிறது.

அணுகல்தன்மையைப் பற்றிய பாடங்களும் பாராட்டத்தக்கவை. பார்வைக் குறைபாடு, கைநடுக்கம், கேட்கும் திறன் குறைவு ஆகியவற்றைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவைக்காமல் எல்லாப் பாடங்களிலும் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜி-யின் வரையறை. ஜன்னல் வெயில் நேராக விழும் கவுன்டரில், வெளிர்சாம்பல் எழுத்தோடு மல்லுக்கட்டிய எவருக்கும் இந்த எண்ணின் அருமை உடனே புரியும்.

மென்பொருள் பகுதியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் ஆறாம் பாடம், அடோபி நிறுவனத்தின் எக்ஸ்டி என்ற வடிவமைப்பு மென்பொருளில் அமைந்திருந்தது. ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி 2022 செப்டம்பரில் அறிவித்ததும், ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டதும், இதற்கிடையே எக்ஸ்டி-யின் வளர்ச்சி நின்றுபோனதும் தெரிந்த செய்திகள். பாடமும் பின்னர் மாற்றப்பட்டுவிட்டது. பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு எக்ஸ்டி கற்க யாரும் நேரம் செலவிட வேண்டாம். இன்டர்ன்ஷிப் அறிவிப்புகளில் கேட்கப்படுவது பெரும்பாலும் ஃபிக்மாதான்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் முக்கியமானதும் போர்ட்ஃபோலியோ வேலைக்கான தலைப்புகள். ஷார்ப்பன் என்ற கருவி, ஏதாவது ஒரு செயலியையும் ஏதாவது ஒரு வகைத் தொழிலையும் சேர்த்து ஒரு பணிக்குறிப்பைத் தற்செயலாக உருவாக்கித் தரும். பயிற்சிக்கு இது போதும். யோசித்துக்கொண்டே காலம் கடத்துபவரை உட்காரவைத்து வேலை வாங்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் விளைவு என்னவென்றால், இந்தச் சான்றிதழை வைத்திருப்பவர்களின் போர்ட்ஃபோலியோக்களைத் திறந்தால் உணவு ஆர்டர் செய்யும் செயலி, பூங்கொத்து வாங்கும் செயலி, திரைப்பட இருக்கை பதிவு செய்யும் செயலி என ஒரே முகங்கள் மாறிமாறி வருகின்றன. கற்பனையான பெர்சோனா (மாதிரிப் பயனர் சித்திரிப்பு), கற்பனையான மேற்கோள், ஒழுங்காக நிறம் தீட்டிய திரைகள். விண்ணப்பங்களைச் சலிக்கும் ஒருவர் ஒரே நாளில் இத்தகைய பலவற்றைப் பார்க்க நேர்ந்தால் எதை நினைவில் வைத்துக்கொள்வார்?

இருபத்தோரு வயதில் முதல் வேலை தேடுபவருக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். பணி மாறுபவருக்கு அந்த நெருக்கடி கிடையாது. ஆசிரியராக இருந்தவருக்கு வருகைப்பதிவேடும் மதிப்பெண் பதிவேற்றமும் தெரியும். கூட்டுறவு வங்கியில் இருந்தவருக்கு நகைக்கடன் சீட்டும் புதுப்பிப்பு நாளும் தெரியும். மருந்துக்கடையில் இருந்தவருக்கு ஒரே பெயர்போல ஒலிக்கும் இரண்டு மாத்திரைகளின் ஆபத்து தெரியும். வெளியிலிருந்து வரும் வடிவமைப்பாளர் பல வாரங்கள் ஆய்வு செய்து கண்டுபிடிப்பதை இவர்கள் வேலையினூடே அறிந்து வைத்திருக்கிறார்கள். தற்செயல் தலைப்பை ஒதுக்கிவிட்டுத் தங்கள் தொழிலிலிருந்தே ஒரு பிரச்சினையை எடுக்கும்படி பாடத்தின் முதல் நாளிலேயே இவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் எடுத்துக்கொண்ட பிரச்சினை மிகச் சிறியது. எங்கள் பதிவுத் திரையில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டையும் நிரப்பாமல் மேலே செல்ல முடியாது. எதிரே நிற்கும் பெரியவருக்கு இருப்பதோ ஒரு பெயரும் தந்தையின் முதலெழுத்தும்தான். டோக்கனைக் கையில் பிடித்தபடி வரிசை வாசல்வரை நீளும்போது, பதிவு செய்பவர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். அடுத்த மாதம் அதே நோயாளி வரும்போது ஷிஃப்டில் இருக்கும் வேறொருவர் அங்கே முதலெழுத்தை இடுவார். இன்னொருவர் தந்தையின் முழுப்பெயரையே இடுவார். பழைய பதிவு தேடலில் அகப்படாததால் ஒவ்வொரு முறையும் புதிய ஓ.பி. எண் பிறக்கும். சென்ற முறை எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவு ஓர் எண்ணில் இருக்க, மருத்துவர் முன்னால் திறந்திருப்பது வேறோர் எண்ணாக இருக்கும். பிறகு ஃபைலைத் தேடி அட்டெண்டர் ஓடுவார்; நோயாளியின் மகள் கவுன்டருக்கு வந்து எங்களைத்தான் கேட்பார்.

இதோடு இரண்டு சிக்கல்கள் பின்னிக்கிடந்தன. கைபேசி எண் என்று கேட்டால் முதியவர்கள் பெரும்பாலும் மகன் எண்ணைத் தருவார்கள். மகன் திருப்பூரில் வேலையில் இருக்க, ஓடிபி அவருக்குப் போகும். ஒரே எண்ணில் தாய், தந்தை, பாட்டி என மூன்று பேர் பதிவாகியிருப்பார்கள். பிறந்த தேதி பலருக்குத் தெரியாது. ஆதாரிலேயே ஆண்டு மட்டும் அச்சாகியிருப்பதும் உண்டு. எனவே ஜனவரி 1 என்று போடப்படும். திரையைச் செய்தவர்கள் அலட்சியமானவர்கள் என்று நான் நினைக்கவில்லை. குடும்பப்பெயரும் சொந்த எண்ணும் சரியான பிறந்த தேதியும் எல்லோரிடமும் இருக்கும் என்ற எண்ணத்தில் அதை அமைத்திருக்கிறார்கள். கவுன்டருக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு காலைப்பொழுது நின்று பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

இந்தப் பிரச்சினையைப் படிப்பின் வேலைமுறைக்குள் வைத்தபோதுதான் இரண்டின் பலமும் தெரிந்தது. கவுன்டரில் உடன் பணியாற்றியவர்களிடம் பேசினேன். அவர்கள் சொன்னவற்றைச் சிறு சீட்டுகளில் எழுதி, ஒத்தவற்றைச் சேர்த்து அடுக்கும் முறையில் வகைப்படுத்தினேன். பெயருக்கு ஒரே கட்டம், முதலெழுத்துக்குத் தனியே சிறிய கட்டம், பிறந்த தேதிக்குப் பதிலாக வயதை ஏற்றுக்கொள்ளும் வசதி, புதிய எண் உருவாகும் முன்பே ஒத்துப்போகும் பழைய பதிவுகளைக் காட்டும் பட்டியல் என்று தாளில் வரைந்தேன். அந்தப் பட்டியல் முதலில் திரையின் வலப்பக்கம் இருந்தது. தாள் மாதிரியை வைத்துச் சோதித்தபோது எங்கள் மூத்த பணியாளர் அக்கா அதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவர் கண் விசைப்பலகைக்கும் நோயாளியின் முகத்துக்கும் இடையிலேயே போய்வந்தது. திரையில் அவர் பார்த்தது, தட்டச்சு செய்துகொண்டிருந்த அந்தக் கட்டத்தை மட்டும்தான். ஆகவே கைபேசி எண்ணை முதல் கட்டமாக்கி, அதற்கு நேர் கீழே, அந்த எண்ணில் பதிவாகியிருக்கும் குடும்பத்தினரின் பெயர்கள் வயதோடும் ஊரோடும் வரும்படி மாற்றினேன். அடுத்த சோதனையில் பட்டியலிலிருந்து பெயரைச் சுட்டிக்காட்டி, "இவர்தானேம்மா நீங்க?" என்று அக்கா தாமாகவே கேட்டார்.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஒரு வடிவமைப்பின் பெரும்பாலான யூசபிலிட்டி பிரச்சினைகள் வெளிப்பட்டுவிடும் என்று யூசபிலிட்டி ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது இத்துறையில் பலரும் பின்பற்றும் வழிகாட்டுதல். அந்த அளவு ஆட்கள் எந்த அலுவலகத்திலும் கிடைப்பார்கள். ஆனால் ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். நடப்பிலிருக்கும் மென்பொருளின் ஸ்கிரீன்ஷாட்களையோ, ஒரு நோயாளியின் பெயர், எண், நோய் விவரம் ஆகியவற்றில் எதையுமோ போர்ட்ஃபோலியோவில் வைக்கக் கூடாது. நான் எல்லாத் திரைகளையும் புதிதாக வரைந்தேன், எல்லாப் பெயர்களையும் கற்பனையாக இட்டேன், மேலாளரிடம் சொல்லி ஒப்புதல் பெற்ற பின்னரே அதை வெளியிட்டேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டம் வந்துவிட்ட நாட்டில் இதை ஒரு சம்பிரதாயமாக நினைக்க முடியாது. இந்த எச்சரிக்கை, பணி மாறுபவர்களுக்கென்றே தனியாக ஒரு பாடமாக இடம்பெற்றிருக்க வேண்டியது.

தமிழில் திரை வடிவமைப்பவர்களுக்கு இன்னொரு வெற்றிடமும் இருக்கிறது. எழுத்துரு, வரியிடைவெளி ஆகியவற்றைப் பற்றிய பாடங்கள் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் வரியிடைவெளியில் தமிழை வைத்தால், மேலே ஏறும் இகர வளைவும் கீழே இறங்கும் உகர வளைவும் அடுத்த வரியை உரசும்; உயரம் கட்டுப்படுத்தப்பட்ட பொத்தானில் வெட்டுப்பட்டும் போகும். சொற்களும் நீளமானவை என்பதால் ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்கிய தலைப்பு இரண்டு வரியாகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஃபிக்மாவில் இட்டு, உண்மையான தமிழ் வாக்கியங்களைக் கொண்டு, வெவ்வேறு இடைவெளிகளில் பார்த்துத்தான் இதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. உலகெங்கும் படிக்கப்படும் ஒரு பாடத்தில் பிற எழுத்துமுறைகளுக்கு ஒரு வாரமாவது ஒதுக்கியிருக்கலாம். தமிழ்நாட்டில் விண்ணப்பிப்பவர் தம் போர்ட்ஃபோலியோவில் ஒரு தமிழ்த் திரையையாவது நேர்த்தியாகச் செய்து வைத்திருந்தால் அது தனித்துத் தெரியும். இங்கே அதைச் செய்து காட்டுபவர்கள் குறைவு.

பயிற்சிகளை மதிப்பிடும் முறை அடுத்த குறை. நம் வேலையைச் சக மாணவர்கள் மதிப்பிடுவார்கள். நாமும் அவர்களுடையதை மதிப்பிட வேண்டும். பலரின் வேலையைப் பார்ப்பதால் கண் பழகும் என்பது உண்மை. ஆனால் நம்மைப் போலவே தொடக்கநிலையில் இருப்பவரின் மதிப்பெண், ஓர் அனுபவசாலியின் கருத்துக்கு ஈடாகாது. தேர்ச்சி பெற்றுவிட்டோம் என்பதை வேலை தரமாக இருக்கிறது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் குறையை ஈடுசெய்ய, பணியில் இருக்கும் வடிவமைப்பாளர்கள் சிலருக்கு லிங்க்ட்இன் வழியாக எழுதினேன். "என் போர்ட்ஃபோலியோவைப் பாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டவற்றைவிட, "இந்த ஒரு திரையில் பட்டியலைக் கீழே வைத்தது சரியா?" என்று கேட்டவற்றுக்கே பதில் வந்தது. பதில் எழுதியவர்கள் தாராள மனத்தோடு எழுதினார்கள். அவர்களுக்கு என் நன்றி என்றும் உண்டு.

வேலைதேடலுக்கான கடைசிப் பாடம் ரெஸ்யூமே, போர்ட்ஃபோலியோ, நேர்முகப் பேச்சு என எல்லாவற்றையும் தொட்டுச் செல்கிறது. ஆனால் அதன் உலகம் அமெரிக்க வேலைச்சந்தை. இந்தச் சான்றிதழ்களைத் தொடர்புடைய பணிகளுக்கு நான்காண்டுப் பட்டத்துக்கு இணையாகத் தங்கள் நிறுவனத்தில் கருதுவோம் என்று கூகுள் 2020இல் அறிவித்தது. அதைப் படித்துவிட்டு எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள், இன்டர்ன்ஷிப் அறிவிப்பின் தகுதிப் பகுதியைக் கூர்ந்து படிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் இன்டர்ன்ஷிப்கள் பெரும்பாலும் தற்போது ஏதேனும் பட்டப்படிப்பில் சேர்ந்திருப்பவர்களுக்கானவை; பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆனவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். காலமும் மாறியது. படிப்பு தொடங்கிய 2021 ஆட்களைத் தேடித் தேடி எடுத்த ஆண்டு. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்த பிறகு, அனுபவமுள்ள வடிவமைப்பாளர்களும் அதே சந்தையில் நிற்கிறார்கள். வேறு துறையிலிருந்து வருபவருக்கு இடம் இருப்பது சிறிய, நடுத்தர நிறுவனங்களில்தான். அதிலும் தம் பழைய தொழிலுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்களில் கூடுதலாக இருக்கிறது. பள்ளி நிர்வாக மென்பொருள், வங்கி மென்பொருள், மருத்துவமனை மென்பொருள் ஆகியவற்றைத் தயாரிப்பவர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இன்டர்ன்ஷிப் என்று விளம்பரம் செய்வதே இல்லை. நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

எழுதும்போது பழைய வேலையை மறைக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். படிப்பு தரும் ரெஸ்யூமே மாதிரியில் சான்றிதழும் திட்டங்களும் மேலே வர, பழைய பணி கீழே ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. நான் அதைத் திருப்பிப் போட்டேன். எந்தக் கவுன்டரில் என்ன வேலை, எவ்வகை நோயாளிகள், எந்தத் திரைகள், அவற்றில் என்ன சிக்கல் என்பதை முதலில் எழுதி, அதன்பின் அந்தச் சிக்கலுக்கு நான் செய்த வடிவமைப்பின் இணைப்பைக் கொடுத்தேன். கேஸ் ஸ்டடியையும் (ஒரு திட்டத்தை எப்படிச் செய்தோம் என்று விளக்கும் கட்டுரை) படிப்பின் வார்ப்பில் எழுதவில்லை. பெர்சோனா, பயனர் பயண வரைபடம், வயர்ஃப்ரேம் என்று எல்லாப் படிகளையும் வரிசையாக அடுக்கினால், படிப்பவருக்குக் கிடைப்பது பாடத்திட்டத்தின் நகல். பட்டியலை இடம் மாற்றிய அந்த ஒரு முடிவை நடுவில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை மட்டும் எழுதினேன்.

நேர்முகத்தில் வடிவமைப்புக் குழுவின் தலைவர் சான்றிதழைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. குடும்பப்பெயர்க் கட்டத்திலிருந்த புள்ளியைப் பற்றிக் கேட்டார். தங்கள் மென்பொருளிலும் அத்தகைய புள்ளிகள் ஆயிரக்கணக்கில் கிடப்பதாகவும், அதுவரை அதைத் தரவுப் பிழை என்றே எண்ணியிருந்ததாகவும் சொன்னார். முதலெழுத்தை வைத்து ஒரே ஆளின் இரண்டு பதிவுகளை இணைக்கலாமா, தவறாக இணைத்துவிட்டால் என்ன ஆகும் என்று பேச்சு நீண்டது. பிறகு வெள்ளைப்பலகையில், ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கான அறிவிப்புத் திரையை யோசித்துக் காட்டச் சொன்னார்கள். அங்கே கூகுள் படிப்பு கற்பித்த ஒழுங்கு முழுமையாக உதவியது. உடனே வரையத் தொடங்காமல் யார் பார்க்கும் திரை, எவ்வளவு தொலைவிலிருந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார் என்று கேட்டுவிட்டுத் தொடங்கும் பழக்கம் அந்தப் பயிற்சிகளால் வந்தது.

விண்ணப்பிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நேர்முகத்துக்கு முன்பாகவே வீட்டிலிருந்து செய்து அனுப்பும் வேலை தருவது இத்துறையில் வழக்கம். ஓரிரு மாலைகளில் முடியும் கற்பனைப் பணி என்றால் செய்யலாம். ஒரு நிறுவனம் தன் விற்பனையில் இருக்கும் செயலியின் எல்லாத் திரைகளையும் மறுவடிவமைத்து, ஃபிக்மா கோப்போடு அனுப்பும்படி என்னிடம் கேட்டது. ஊதியம் பற்றிப் பேச்சே இல்லை. ஒரே ஒரு திரைக்கு என் அணுகுமுறையை எழுதி அனுப்பி, மீதியை ஊதியத்தோடு செய்யத் தயார் என்று பதில் எழுதினேன். அவர்களிடமிருந்து மறுமொழி வரவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நிற்பதில்லை. எனவே உதவித்தொகை எவ்வளவு, எத்தனை மாதம், முடிவில் நிரந்தரப் பணிக்கு வாய்ப்பு உண்டா என்பதை முதல் உரையாடலிலேயே மரியாதையாகக் கேட்டுவிடுவது நல்லது.

கட்டணம் மாதச் சந்தாவாக அமைகிறது. அமெரிக்காவில் அது மாதம் 49 டாலர். வேகமாக முடிப்பவருக்குச் செலவு குறையும், ஷிஃப்ட் வேலைக்கு நடுவே படிப்பவருக்கு நீளும். பணம் கட்ட இயலாதவர்கள் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். தம் நிலையையும் படிப்பின் நோக்கத்தையும் விளக்கி எழுதி, பரிசீலனைக்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். முழுநேரமாகப் படிக்க வாய்ப்புள்ளவர்கள், அகமதாபாத் என்ஐடி (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), மும்பை ஐஐடியின் ஐடிசி வடிவமைப்புப் பள்ளி போன்ற இடங்களின் முதுகலை வடிவமைப்புப் படிப்பையும் கருத வேண்டும். ஐடிசி-க்குச் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு வழி. அங்கே கிடைக்கும் ஆசிரியர்களின் நேரடி விமர்சனத்தை இணையப் படிப்பு தராது. மேலும், அங்கே சேர்ந்துவிட்டால் மாணவர்களுக்கு மட்டுமான அந்த இன்டர்ன்ஷிப்களுக்கும் தகுதி வந்துவிடும்.

வேலையை விடாமல், குறைந்த செலவில், இத்துறை தமக்கு ஒத்துவருமா என்று பார்க்க விரும்புபவருக்கு இப்படிப்பை மனதாரப் பரிந்துரைக்கிறேன். முழுவதையும் முடிக்க நேரமோ பணமோ போதாதவர்கள் நான்காம் பாடம் வரையாவது கட்டாயம் படியுங்கள். ஐந்தாம் பாடத்திலுள்ள ஃபிக்மா பயிற்சியை, ஃபிக்மா நிறுவனமே இலவசமாக வெளியிட்டிருக்கும் காணொளிகளைக் கொண்டு வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம்.